கவண் விட்ட விண்மீன்கள்

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறுகிறவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஏறி முடித்த பிறகு, அமாவாசையை ஒட்டிய மேகமில்லாத இரவு ஒன்று வாய்த்தால், கீழே நாமக்கல்லிலும் சேலத்திலும் பார்க்கக் கிடைக்காத வானம் தலைக்கு மேலே விரிந்து கிடக்கும். தமிழ்நாட்டின் முதல் இருள்வானப் பூங்காவுக்கு அரசு இந்த மலையில் அரியூர்ச் சோலைக் காப்புக்காட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த இருட்டுதான் காரணம்.

அந்த வானத்தின் கீழே நிற்கும் குழந்தை சீக்கிரமே ஒரு கேள்வி கேட்கும்: “இந்த நட்சத்திரமெல்லாம் ஏன் இடம் மாறவே மாட்டேங்குது?” நியாயமான கேள்வி. கார்த்திகைக் கூட்டத்தைப் பாட்டி எந்த வடிவில் பார்த்தாரோ அதே வடிவில்தான் பேத்தியும் பார்க்கிறாள். கிழக்கே உதித்து மேற்கே சாய்வது பூமி சுழல்வதால் வரும் தோற்றம். ஒரு விண்மீனுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மட்டும் மாறுவதாகவே தெரிவதில்லை.

மாறத்தான் செய்கிறது, அதைக் காண நமக்கு ஆயுள் போதவில்லை. சூரியன் தன் கோள்களையும் கூட்டிக்கொண்டு பால்வீதியின் மையத்தை நொடிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அக்கம்பக்கத்து விண்மீன்களும் ஏறக்குறைய அதே வேகத்தில் அதே பக்கம் போவதால், ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு பெரும்பாலும் நொடிக்குச் சில பத்து கிலோமீட்டர்தான். இடையிலுள்ள தூரமோ ஒளியே கடக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் தூரம்.

இந்தப் பொது ஓட்டத்தில் சேராமல் தறிகெட்டு ஓடும் விண்மீன்கள் சில உண்டு. 2023-இல் வானியலாளர் கரீம் எல்-பத்ரியும் அவர் குழுவினரும் அப்படிப்பட்ட ஆறு விண்மீன்களைப் புதிதாகக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். அவற்றில் ஜே0927 என்று பெயரிடப்பட்ட ஒன்று நம் திசையில் நொடிக்கு 2,285 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கன்னியாகுமரிக்கும் டெல்லிக்கும் இடையே நேர்கோட்டில் உள்ள தூரம் ஏறத்தாழ அதுதான். அந்தத் தூரத்தை அது ஒரு நொடியில் தாண்டுகிறது. பக்கவாட்டிலும் வேகமாக நகர்வதால் நம்மீது வந்து மோதாது; அந்தக் கவலை வேண்டாம். நாமிருக்கும் பகுதியிலிருந்து பால்வீதியின் ஈர்ப்பை மீறி வெளியேற நொடிக்குச் சுமார் 550 கிலோமீட்டர் வேகம் போதும். இதை விடுபடு வேகம் என்பார்கள். அதைப் போல நான்கு மடங்கு வேகத்தில் போகும் இந்த விண்மீன் ஒருநாள் பால்வீதியை விட்டே போய்விடும்.

ஒரு முழு விண்மீனை இந்த வேகத்துக்குக் கொண்டுவந்தது எது? அது எப்படிப்பட்ட விண்மீன் என்பதிலிருந்துதான் விடை தொடங்குகிறது.

சூரியனைப் போன்ற விண்மீன் தன் எரிபொருளைத் தீர்த்துவிட்டால் வெளியடுக்குகளை உதிர்த்துவிட்டுக் கருவை மட்டும் விட்டுச்செல்லும். அந்தக் கரு பெரும்பாலும் கார்பனும் ஆக்சிஜனும். புதிய வெப்பம் எதையும் உண்டாக்காமல், இருக்கும் சூட்டைக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல இழந்துகொண்டிருக்கும். இதுவே வெண்குறுமீன். இரவு வானத்திலேயே பிரகாசமான விண்மீனான சிரியஸுக்குத் துணையாக 1862-இல் கண்ணில் பட்ட மங்கலான புள்ளி இந்த இனத்தைச் சேர்ந்தது. சூரியனளவு பொருள், பூமியளவு இடத்தில். அதில் ஒரு கன சென்டிமீட்டர் அள்ளினால் டன் கணக்கில் நிறை இருக்கும்.

இவ்வளவு இறுகிய பொருள் தன் பாரத்தாலேயே இன்னும் உள்ளே சரியாமல் நிற்பது எப்படி என்ற கேள்விக்கு 1926-இல் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ரால்ஃப் ஃபவுலர் விடை தந்தார். இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்பது குவாண்டம் இயற்பியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. நெருக்க நெருக்க அவை வேகமெடுத்து, அந்த வேகத்தாலேயே எதிர்த்துத் தள்ளும். இந்த எதிர்ப்புக்குச் சூடு தேவையில்லை; குளிர்ந்து போனாலும் நிற்கும். இதைச் சிதைவழுத்தம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இடத்தில்தான் சென்னை வருகிறது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1928-இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சொமர்ஃபெல்டைத் தேடிப்போய்ச் சந்தித்து, புதிய குவாண்டம் இயற்பியலைப் பற்றித் தெரிந்துகொண்டவர். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறினார்; அப்போது அவருக்கு வயது 19. ஃபவுலரிடம் ஆய்வு செய்யக் கேம்பிரிட்ஜுக்குப் போகிற பயணம். கப்பலில் அவர் யோசித்தது இது: எலெக்ட்ரான்கள் வேகமெடுத்து எதிர்க்கின்றன, சரி, ஆனால் ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாதே. அப்படியானால் அந்த எதிர்ப்புக்கும் ஓர் எல்லை இருந்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தார், எல்லை வந்தது. இன்று நாம் அறிந்த மதிப்பில் அது சூரியனைப் போல் 1.4 மடங்கு. அதற்கு மேல் நிறையுள்ள வெண்குறுமீன் இருக்க முடியாது. இதுவே சந்திரசேகர் எல்லை. 1935-இல் லண்டனில் நடந்த வானியலாளர்கள் கூட்டத்தில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் இதை ஏளனம் செய்தார். 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சூடு ஏறினாலும் இறங்கினாலும் சிதைவழுத்தம் மாறாது என்றேன். வெண்குறுமீனின் பலம் அது; ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. சூரியனின் உள்ளே அணு எரிப்பு கொஞ்சம் கூடினால் சூட்டால் அந்தப் பகுதி விரியும், விரிந்தால் குளிரும், எரிப்பு பழைய அளவுக்கு இறங்கிவிடும். வெண்குறுமீனுக்கு இந்தக் காப்பு கிடையாது. அதன் கார்பனில் எப்படியோ தீ பிடித்துவிட்டால் சூடு ஏறும், அது விரியாது, எரிப்பு இன்னும் கூடும். சில நொடிகளில் முழு விண்மீனும் வெடித்துச் சிதறிவிடும். இதற்கு 1ஏ வகைச் சூப்பர்நோவா என்று பெயர். ஒரு விண்மீன் மண்டலத்திலுள்ள எல்லா விண்மீன்களும் சேர்ந்து தரும் வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாகச் சில வாரங்கள் ஒளிரும். சேலத்தில் கஞ்சமலையின் இரும்புத் தாதுவிலும் நம் ரத்தத்திலும் இருக்கும் இரும்பில் பெரும்பங்கு, சூரியன் பிறப்பதற்கு முன்பே இப்படி வெடித்த வெண்குறுமீன்கள் வானத்தில் தூவிவிட்டுப் போனது. 1998-இல் பிரபஞ்சம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்று கண்டுபிடித்ததும் இந்த வெடிப்புகளின் வெளிச்சத்தை வைத்துத் தூரத்தை அளந்துதான். இத்தனை முக்கியமான ஒரு நிகழ்வைத் தொடங்கிவைப்பது எது என்று பல பத்தாண்டுகளாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பாடப்புத்தகங்களில் இருந்த விடை இது: வெண்குறுமீன் ஒன்று பக்கத்திலுள்ள சாதாரண விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்துக்கொண்டே பருக்கிறது, சந்திரசேகர் எல்லையை நெருங்கியதும் உள்ளே கார்பன் பற்றிக்கொள்கிறது. அழகான விடைதான். ஆனால் அது உண்மையானால் வெடிப்புக்குப் பின் அந்தச் சாதாரண விண்மீன் அங்கேயே எங்காவது இருக்க வேண்டும். 1006-ஆம் ஆண்டு உலகமே பார்த்த சூப்பர்நோவாவின் எச்சத்துக்குள் பெரிய தொலைநோக்கிகளால் தேடினார்கள். அப்படி எதுவும் அகப்படவில்லை.

இன்னொரு விடையில் இரண்டுமே வெண்குறுமீன்கள். ஒன்றையொன்று சுற்றும்போது ஈர்ப்பு அலைகளை வெளியிட்டு ஆற்றலை இழந்து, நெருங்கிக்கொண்டே வரும். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் இணை ஒன்று 2019-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்னும் நெருங்கினால் ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நிலையில் நிறை குறைந்தது தன் மேற்பரப்பிலுள்ள ஹீலியத்தை மற்றதன் மேல் கொட்டத் தொடங்கும். அப்படிக் கொட்டுவதைக் கொடை விண்மீன் என்போம். கொட்டிய ஹீலியம் அடுக்கு முதலில் வெடிக்கும். அந்த அதிர்ச்சி அலை எல்லாப் பக்கமும் சுற்றி, உள்ளே பாய்ந்து, நடுவில் குவிந்து கார்பனையும் வெடிக்கவைக்கும். ஒரே விண்மீனில் இரண்டு வெடிப்பு. இதில் கவனிக்க வேண்டியது, வெடிக்கும் விண்மீன் சந்திரசேகர் எல்லையைத் தொட வேண்டியதில்லை; ஏறக்குறைய ஒரு சூரிய நிறையே போதும். எல்லை பொய்யாகிவிட்டது என்று இதை யாரும் படித்துவிடக் கூடாது. அந்த எல்லைக்கு மேல் வெண்குறுமீன் இல்லை என்பது அன்றும் சரி, இன்றும் சரி. வெடிப்பு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது மட்டுமே புதிது.

சரி, கொடை விண்மீன் என்ன ஆகும்?

கொல்லிமலையில் தினையும் சாமையும் விளையும் கொல்லைகளில் பரண்மேல் இருந்து கிளி விரட்டியவர்களின் கையில் கவண் இருந்தது. கல்லை மடிப்பில் வைத்துத் தலைக்கு மேல் சுழற்றி, கயிற்றின் ஒரு முனையை விடுவார்கள். விட்ட நொடியில் கல்லை யாரும் தள்ளுவதில்லை. சுழன்றபோது இருந்த அதே வேகத்தோடு, அந்தக் கணம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையில் நேராகப் பாய்கிறது. கயிறு அதுவரை செய்தது அதை வட்டத்தில் பிடித்து வைத்திருந்தது மட்டும்தான்.

கொடை விண்மீனுக்குக் கயிறு, இணையின் ஈர்ப்பு. இணை வெடித்ததும் அதன் பொருள் நொடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் வேகத்தில் கொடை விண்மீனைத் தாண்டி எல்லாப் பக்கமும் சிதறிவிடுகிறது. சில நொடிகளில் சுற்றுவதற்கு நடுவில் எதுவும் இல்லை. வெடிப்பு ஓரளவு தள்ளவும் செய்யும். ஆனால் பூமியளவுள்ள இறுகிய உருண்டையின் மேல் படுவது சொற்பம். வேகத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த வேகம். சாதாரண விண்மீன்களால் இத்தனை நெருக்கத்தில் சுற்ற முடியாது. உடல் பெரிது, முட்டிக்கொள்ளும். வெண்குறுமீன்கள் சின்னவை என்பதால்தான் நொடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகம் அவற்றுக்கு வாய்க்கிறது.

எனக்கு இந்த இயலில் மிகப் பிடித்த இடம் இதுதான். வேகம் என்பது அந்தச் சுற்றுப்பாதையின் பதிவு. வெடித்தது எவ்வளவு கனமோ, பாதை எவ்வளவு நெருக்கமோ, தப்பியது அவ்வளவு வேகம். நிறை கூடக் கூட வெண்குறுமீன் சுருங்கும் என்பது ஃபவுலர், சந்திரசேகர் கணக்கிலேயே இருக்கிறது. ஆகவே கொடை விண்மீனின் நிறை தெரிந்தால், எந்த நெருக்கத்தில் கொட்டத் தொடங்கியது என்பதும் தெரியும். ஜே0927 கிளம்பியபோது அதன் வேகம் நொடிக்கு 2,200 முதல் 2,500 கிலோமீட்டர் இருந்திருக்க வேண்டும் என்று எல்-பத்ரி குழுவினர் கணக்கிட்டார்கள். அப்படியானால் இரண்டுமே ஒரு சூரியனைவிடக் கனமானவை. அணு அணுவாகச் சிதறி இல்லாமலே போன ஒன்றின் நிறையை, அதனிடமிருந்து ஓடிவந்த ஒன்றின் வேகத்திலிருந்து எடுத்துவிட முடிகிறது.

இந்த வேகத்தை அளப்பதில் இரண்டு பகுதி உண்டு. பக்கவாட்டு நகர்வை அளந்தது ஐரோப்பிய விண்வெளி முகமையின் காயா விண்கலம். 2013 டிசம்பர் 19 அன்று ஏவப்பட்டு, 2025 ஜனவரி வரை ஏறத்தாழ 200 கோடி விண்மீன்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. பூமி சூரியனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகையில் ஒரு விண்மீன் சற்றே இடம்மாறித் தோன்றும். அந்த மிகச் சிறிய கோணத்திலிருந்து தூரம் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு ஒரே பக்கமாக நகர்வதிலிருந்து பக்கவாட்டு வேகம். நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகத்துக்கு நிறமாலை தேவை. விண்மீனின் ஒளியைப் பிரித்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய இடத்தில் ஒரு கருங்கோடு போடும். நெருங்கி வந்தால் கோடுகளெல்லாம் நீலப்பக்கம் நகரும், விலகினால் சிவப்புப்பக்கம். எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு வேகம்.

காயாவின் இரண்டாம் தரவுத் தொகுப்பு 2018 ஏப்ரல் 25 அன்று வெளியானது. கென் ஷென் என்ற வானியலாளரின் குழு அதற்காகவே காத்திருந்தது. தேடல் பட்டியலைத் தொலைநோக்கிகளால் சரிபார்த்து, அதே ஆண்டில் மூன்று விண்மீன்களை அறிவித்தது: டி6-1, டி6-2, டி6-3. மேலே சொன்ன இரட்டை வெடிப்புக்கான நீண்ட ஆங்கிலப் பெயரில் ‘டி’ எழுத்தில் தொடங்கும் சொற்கள் ஆறு, அதனால் டி6. மூன்றின் நிறமாலையிலும் ஹைட்ரஜனும் இல்லை, ஹீலியமும் இல்லை. கார்பன், ஆக்சிஜன், மெக்னீசியம் போன்றவற்றின் கோடுகள்தான். சாதாரண விண்மீன் எதுவும் இப்படி இருக்காது. மேல்தோல் உரிக்கப்பட்ட உடல் இது.

டி6-2-ஐ மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அக்டோபர், நவம்பர் மாலைகளில் பூரட்டாதி, உத்திரட்டாதி விண்மீன்கள் சேர்ந்து பெரிய சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரத்துக்கு மேற்கே அது இருக்கிறது. கொல்லிமலைக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே, சற்று வடக்கே சாய்ந்து கடக்கும். கண்ணுக்குத் தெரியாது. நல்ல இருட்டில் கண் பார்க்கக்கூடிய மிக மங்கலான விண்மீனைவிட அது சுமார் 25,000 மடங்கு மங்கல். ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி போன்ற ஒன்றால் பார்க்கலாம். அதன் வேகம் நொடிக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர். அவ்வளவு வேகமாகப் போயும் வானத்தில் நிலாவின் அகலத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 7,000 ஆண்டுகள் ஆகும். அந்தக் குழந்தையின் கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

டி6-2 வந்த வழியைப் பின்னோக்கி வரைந்து பார்த்தார்கள். 90,000 ஆண்டுகள் பின்னால் போனால், ஜி70.0-21.5 என்ற மிக மங்கலான வாயுக் கூட்டத்துக்குள் போய் நிற்கிறது. அது ஒரு பழைய சூப்பர்நோவாவின் எச்சம். ஷென் குழுவினர் தேடத் தொடங்குவதற்கு முன்பே வேறு வானியலாளர்கள் கண்டறிந்திருந்தது. தற்செயலாக இரண்டும் ஒரே கோட்டில் அமைந்துவிட வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேகம், தோலுரிந்த நிறமாலை, கிளம்பிய இடத்தில் வெடிப்பின் எச்சம் ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்லும்போது அதை நம்பத்தான் தோன்றுகிறது.

2025 ஜூலையில் இன்னொரு பக்கத்திலிருந்து ஆதாரம் வந்தது. ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்யும் பிரியம் தாஸும் அவர் குழுவினரும் பெரிய மகெல்லன் முகில் மண்டலத்தில் உள்ள எஸ்என்ஆர் 0509-67.5 என்ற சூப்பர்நோவா எச்சத்தைச் சிலியிலுள்ள மிகப்பெரும் தொலைநோக்கியால் படம் பிடித்தார்கள். அதில் கால்சியம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடுகளாகத் தெரிந்தது. ஹீலியம் அடுக்கு தனியாகவும் கரு தனியாகவும் வெடித்தால் இப்படித்தான் இருக்கும் என்று கணினி மாதிரிகள் முன்பே சொல்லியிருந்தன.

ஓடும் வெண்குறுமீன்கள் எல்லாமே இப்படிக் கிளம்பியவை அல்ல. 2017-இல் ஸ்டெஃபான் வென்னஸ் குழுவினர் அறிவித்த எல்பி 40-365 நொடிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பால்வீதியை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதன் வளிமண்டலத்தில் ஆக்சிஜனும் நியானும். இது கொடை விண்மீன் அல்ல, வெடித்த விண்மீனே என்று நினைக்கிறார்கள். தீ பிடித்தும் முழுதாக வெடிக்காமல், பாதி எரிந்து, ஒரு பக்கமாகச் சிதறியதில் மிச்சம் எதிர்ப்பக்கம் உதைக்கப்பட்டது. இத்தகைய அரைகுறை வெடிப்புகளை 1ஏஎக்ஸ் வகை என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த வகையைச் சேர்ந்த எஸ்என் 2005எச்கே-வை நம் நாட்டில், லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியால் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்தவர்கள் தேவேந்திர குமார் சாஹு, ஜி. சி. அனுபமா முதலிய இந்திய வான் இயற்பியல் மைய ஆய்வாளர்கள். அந்தத் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று, சந்திரசேகரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதே வகையைச் சேர்ந்த எஸ்என் 2012இசட் வெடித்த இடத்தைப் பல ஆண்டுகள் கழித்து ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது, வெடிப்பதற்கு முன் அங்கே இருந்த விண்மீன் மறைந்திருக்கவில்லை. முன்னைவிடப் பிரகாசமாகவே இருந்தது.

தீராத சிக்கல்களும் இருக்கின்றன. டி6 விண்மீன்களில் முதலில் அகப்பட்டவை வெண்குறுமீனுக்கு உரிய அளவைவிடப் பல மடங்கு உப்பியிருக்கின்றன. வெடிப்பின் அதிர்ச்சி உள்ளே ஏற்றிவிட்ட சூடு காரணமாக இருக்கலாம் என்றார்கள். அந்தச் சூடு இத்தனை ஆயிரம் ஆண்டுகள் தாங்காது, வீக்கம் சீக்கிரமே வடிந்துவிட வேண்டும் என்று அண்மைக் கணக்கீடுகள் காட்டுகின்றன. ஆகவே வேறு ஏதோ அவற்றை ஊதி வைத்திருக்கிறது. 2025-இல் ஹிலா கிளான்ஸ் குழுவினர் வேறொரு வழி சொன்னார்கள். அவர்களுடைய முப்பரிமாணக் கணினி மாதிரியில் கொடை விண்மீன் முழுதாகத் தப்புவதில்லை. இரண்டும் இணையும் தறுவாயில் அது பாதி கிழிபட்டுவிடுகிறது. அப்போது மற்றது வெடிக்க, மிச்சமிருக்கும் கரு நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் வீசப்படுகிறது. ஜே0927 போன்ற சூடான, சின்ன விண்மீன்களுக்கு இது பொருந்துகிறது என்கிறார்கள்.

எண்ணிக்கையும் இடிக்கிறது. ஒவ்வொரு 1ஏ வெடிப்பும் ஒரு விண்மீனைத் தப்பவிட்டால் இதற்குள் இன்னும் நிறைய அகப்பட்டிருக்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். பல வெடிப்புகளில் கொடை விண்மீனும் சேர்ந்தே அழிந்துபோகிறதா, அல்லது நிறை குறைந்தவை மெதுவாகவும் மங்கலாகவும் போவதால் நம் வலையில் சிக்கவில்லையா? எல்-பத்ரி குழுவினருக்கு இரண்டாவதில் நம்பிக்கை அதிகம்: பக்கத்தில் அகப்பட்ட இரண்டு மங்கலான டி6 விண்மீன்களும் இருப்பவற்றிலேயே வேகமும் நிறையும் குறைந்தவை; அத்தகையவை தொலைவில் இருந்தால் கண்ணில் பட்டிருக்காது. காயாவின் நான்காம் தரவுத் தொகுப்பு 2026 டிசம்பரில் வெளிவரத் திட்டமிடப்பட்டுள்ளது. நொடிக்கு ஆயிரத்தைச் சுற்றிய வேகத்தில், ஹைட்ரஜனும் ஹீலியமும் இல்லாத மங்கலான புள்ளிகள் அதில் கூட்டமாக அகப்பட்டால், 1ஏ வெடிப்புகளில் பெரும்பாலானவை இரண்டு வெண்குறுமீன்களின் கதை என்று ஆகிவிடும். அகப்படாவிட்டால் கொடை விண்மீன்களும் வெடிப்பில் அழிகின்றன என்ற கணக்கைத்தான் கையில் எடுக்க வேண்டியிருக்கும்.